எதற்கும் பயன்படாத கருவியை எங்கள் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும்?

டெஸ்லா சுருளால் வீட்டில் ஒரு வேலையும் ஆகாது. அதை வைத்துத் தண்ணீர் இறைக்க முடியாது, மாவு அரைக்க முடியாது, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் முடியாது. ஒரு குழல்விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் கம்பி இணைப்பு எதுவும் இல்லாமல் அது எரியும். பெரிய சுருளாக இருந்தால் உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் சிறு மின்னல்கள் கிளைவிட்டு நீளும். பார்ப்பவர்கள் வாய்பிளப்பார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

அப்படிப்பட்ட ஒரு கருவியைப் பற்றி சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் நடக்கும் இரவுப் பாடசாலையில் 7ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து கோடை விடுமுறையில் இதைச் செய்தோம். அதைப் பார்த்த மூன்று பேர் மூன்று விதமாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், "இதுக்குப் பதிலா வீட்டு வயரிங் சொல்லிக் குடுங்க சார், நாளைக்குப் பொழைப்புக்கு ஆகும்" என்றார். ஒரு பிள்ளையின் அப்பா, "பரிட்சையில இது வருமா தம்பி?" என்று கேட்டார். இயக்கத் தோழர் ஒருவர், "பட்டா கேட்டு மனு கொடுத்துட்டு அலையுறோம், இந்த நேரத்துல இந்த விளையாட்டு தேவையா தோழர்?" என்றார். மூவரும் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நிக்கோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய சுருள், அதிக அதிர்வெண்ணில் மிக உயர்ந்த மின்னழுத்தத்தைத் தரும் ஒரு மின்மாற்றி. நாங்கள் செய்தது அதன் மிகச் சிறிய, மிக எளிய வடிவம். ஒரு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு, 36 கேஜ் எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., ஒரு 9 வோல்ட் பேட்டரி. குழாயின் மேல் கம்பியை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாக 350 சுற்று சுற்ற வேண்டும். சுற்றி முடித்தால் உயரம் எட்டு சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 35 மீட்டர் கம்பி அடங்கியிருக்கும். எடை பத்து கிராம்தான். கம்பியை மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சத்தில் வாங்கிக்கொண்டோம். அந்தச் சுருளின் அடியைச் சுற்றி வீட்டு வயரிங்குக்குப் போடும் தடித்த வயரால் மூன்று சுற்று. மொத்தக் கருவியே இவ்வளவுதான்.

350 சுற்று என்பது சொல்வதற்கு எளிது. ஓரிடத்தில் விரல் தளர்ந்தால் பத்து சுற்று அவிழ்ந்துவிடும். ஒருவர் குழாயைச் சுழற்ற, ஒருவர் கம்பியை இழுத்துப் பிடிக்க, ஒருவர் எண்ண, மூன்று மாலைகள் போயின. எல்லாவற்றையும் இணைத்து பேட்டரியைப் போட்டபோது விளக்கு எரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இணைப்புகளை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு அந்த மூன்று சுற்று வயரின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் போட்டாள். கையிலிருந்த சி.எஃப்.எல். விளக்கு எரிந்தது.

ஏன் எரிந்தது என்பதுதான் அடுத்த ஒரு வாரப் பாடம். டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை மிக வேகமாகத் திறந்து மூடுகிறது. தடித்த வயரில் ஏறி இறங்கும் மின்னோட்டம் சுற்றிலும் காந்தப் புலத்தை ஏற்றி இறக்குகிறது. அந்தப் புலம் உள்ளே இருக்கும் மெல்லிய சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு எதுவும் தேவையில்லை. மெல்லிய சுருளின் கீழ்முனை டிரான்சிஸ்டருக்குத் திரும்பிவந்து, இப்போது திற, இப்போது மூடு என்று கட்டளையிடுகிறது. சுற்றின் திசை தவறாக இருந்தால் அந்தக் கட்டளை தலைகீழாகப் போய்ச் சேரும், ஆட்டம் தொடங்காது. முனைகளை மாற்றியதும் எரிந்ததற்கு அதுதான் காரணம். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரம் கூடும். கணம் தவறினால் நின்றுவிடும். எங்கள் சுருள் அளவுக்கு இந்தத் தள்ளல் நொடிக்கு 20 லட்சம் தடவை என்ற அளவில் நடக்கிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அந்தப் பெண் பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லைப் படிக்கும்போது அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காணொளிகளில் வரும் பெரிய டெஸ்லா சுருள்கள் வேறு வகை. விளம்பர நியான் விளக்குக்கான மின்மாற்றி, உயரழுத்த மின்தேக்கி, தீப்பொறி இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு செய்பவை அவை. வீட்டு மின்சாரத்தில் இணைக்கப்படும் அத்தகைய சுருள் ஆளைக் கொல்லும். நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைப் பிரித்தெடுத்துச் சோதனை செய்வது அதைவிடக் கொடியது. 'அதிக அதிர்வெண் மின்சாரம் தோலின் மேலேயே ஓடிவிடும், ஒன்றும் செய்யாது' என்று சொல்வதை நம்பக் கூடாது. அது தசையைச் சுடும், சுட்டது உடனே தெரியவும் தெரியாது. பேட்டரியில் ஓடும் சிறு சுருளைக்கூட, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகே இயக்கக் கூடாது. சி.எஃப்.எல். விளக்கில் பாதரசம் இருப்பதால் உடைந்த விளக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. எங்கள் பாடசாலையில் சுவர் பிளக்கை யாரும் தொடக் கூடாது என்பது முதல் விதி.

இந்த எச்சரிக்கையை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மின்சாரம் கொல்லும் என்பது சேரியில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அறுந்து விழும் கம்பி தெரியும். திருட்டுத்தனமாக மின்வேலி போட்ட வயல்வரப்பு தெரியும். ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் ஏறப் போனவர் எப்படித் திரும்பி வந்தார் என்பதும் தெரியும். ஒடுக்கப்பட்ட மக்கள் மின்சாரத்தை அறிந்தது பெரும்பாலும் அதன் அடியின் வழியாகத்தான். குளிரூட்டப்பட்ட அறையில், அப்பா வாங்கிக் கொடுத்த கருவிப் பெட்டியோடு, விளையாட்டாக மின்சாரத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பு வேறு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பின்னாளில் இரு சாராரும் ஒரே தேர்வுக் கூடத்தில் உட்காரும்போது, விளையாடிய பிள்ளையின் விடைத்தாளுக்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறார்கள்.

இப்போது 'இதனால் என்ன பிரயோஜனம்' என்ற கேள்விக்கு வருகிறேன். மருத்துவரின் மகன் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வியாழனைப் பார்த்தால் 'பையனுக்கு அறிவியல் ஆர்வம்' என்று சொல்வார்கள். பிரயோஜனம் கேட்க மாட்டார்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகள் சுருள் சுற்றினால் மட்டும் 'இது பொழைப்புக்கு ஆகுமா' என்கிறார்கள். எங்கள் பிள்ளை தொடும் ஒவ்வொரு கருவியும் கூலியில்தான் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு யாரும் எழுதிவைக்காத சட்டம். அதை எழுதிவைத்தபோது என்ன நடந்தது என்பது தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிடர் கழகமும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், செருப்புத் தைப்பது, முடி திருத்துவது, துணி வெளுப்பது உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் குரு-சிஷ்ய மரபின் பெயரால் கடன் கொடுக்கிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்ன தமிழ்நாடு அரசு, அத்திட்டத்தை அப்படியே ஏற்க முடியாது என்று 2024இல் அறிவித்தது. இவை இரண்டும் 70 ஆண்டு இடைவெளியில் வந்தவை. இரண்டிலும் உள்ள சிந்தனை ஒன்றுதான். உன் கைக்கு என்ன வேலை என்பது நீ பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது என்ற சிந்தனை.

கைத்தொழில் இழிவானது என்று நான் சொல்லவில்லை. வயர்மேன் வேலை மரியாதையான வேலை. எங்கள் பிள்ளைகளில் சிலர் அதற்குப் போவார்கள், போகட்டும். ஆனால் கை எதைச் செய்கிறது என்பதோடு, அது ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். சாதி பறித்தது இந்த இரண்டாவது உரிமையைத்தான். சாதி என்பது வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு என்ற வாதத்தை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் உடைத்தார். அது உழைப்பவர்களையே ஏணிப்படிகளாகப் பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று காட்டினார்.

அந்தப் பிரிவினை அறிவியலையும் கொன்றது என்பதை இந்தியாவின் முன்னோடி வேதியியலாளர் ஒருவரே எழுதியிருக்கிறார். பிரஃபுல்ல சந்திர ராய் எழுதிய இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதி 1902இல் வெளிவந்தது. கைவினைகள் தாழ்த்தப்பட்ட சாதிகளிடம் தள்ளிவிடப்பட்டதாலும், படித்த வகுப்பார் அவற்றிலிருந்து கையை விலக்கிக்கொண்டதாலும், ஒன்று எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று ஆராயும் மனநிலையே இந்த மண்ணில் மங்கிப்போனது என்பது அவருடைய வாதம். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில் அறுவை மருத்துவம் எப்படி வளரும்? உலோகத்தை உருக்கியவனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்தை வைத்திருந்தவன் உலையின் பக்கம் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழந்ததுதான் அறிவியல்.

மேற்கில் வர்க்கக் கொடுமை இல்லாமலில்லை. மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டு எடுபிடியாக இருந்தவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்துத்தான் அவர் மின்சாரம் கற்றார். அறிவியலாளர் ஹம்ப்ரி டேவியுடன் ஐரோப்பியப் பயணம் போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஆனாலும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வகக் கதவு அவருக்குத் திறந்தது. கொல்லன் மகன் சூத்திரத்தைப் படிக்கக் கூடாது என்று சொல்ல அங்கே ஒரு மனு இல்லை. நிக்கோலா டெஸ்லாவின் தந்தை ஒரு பாதிரியார், மகனும் பாதிரியாராக வேண்டும் என்று விரும்பியவர். ஆனால் தன் கண்டுபிடிக்கும் திறமை, பள்ளிக்கூடம் போகாமலே வீட்டுக் கருவிகளைத் தானாகச் செய்துகொண்ட தாயிடமிருந்து வந்தது என்றே டெஸ்லா சொல்லிவந்தார். எங்கள் தெருவில் அப்படிப்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! அறுந்த மிக்சி வயரைக் கத்தியால் சீவி முறுக்கி ஓட வைப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய திறமையை அவர்களுடைய பிள்ளைகளின் 'ஆர்வமாக' வளரவிடாமல் தடுப்பது எது?

ஆண்டுக்கு ஒரு நாள் ஆயுதங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசை செய்கிற நாடு இது. கல்விக் கடவுளுக்கு விழா எடுக்கிற நாட்டில் இத்தனை பேர் தற்குறிகளாக இருப்பது ஏன் என்று பெரியார் கேட்டார். அதே கேள்வியைக் கருவிகளைப் பற்றியும் கேட்கலாம். ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறவர்கள் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தனி டம்ளர் வைத்தது எப்படி? எதிர்காலத்தில் கம்பியில்லாமல் பேசும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் கற்பனை செய்த பெரியாருக்கு, அறிவியல் எல்லோருக்குமான உடைமை. அந்த நூலின் வாசகர்கள் நாம். நம் பிள்ளைகளுக்குக் கம்பியில்லா மின்சாரம் எதற்கு என்று நாமே கேட்கலாமா?

தோழரின் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பட்டா வேண்டும், சுடுகாட்டுப் பாதை வேண்டும், வன்கொடுமை வழக்குகளில் தண்டனை வேண்டும். இவற்றில் எதையும் சுருள் பெற்றுத் தராது. ஆனால் அடிப்படைத் தேவைகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஓய்வும் விளையாட்டும் என்றால், அந்தப் 'பிறகு' எந்தத் தலைமுறைக்கு வரும்? அம்பேத்கர் அப்படி வரிசை பிரிக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த மக்களுக்கு வறுமையிலிருந்து விடுதலை இல்லை என்று 1943இல் வாதிட்டார். காந்தியத்தை அவர் விமர்சித்ததும் இதே இடத்திலிருந்துதான். இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தருகிறது, ஓய்வுதான் பண்பாட்டு வாழ்வுக்கு இடம் தருகிறது, இயந்திரத்தை வெறுப்பவர்கள் ஏழையை மாட்டைப்போல் உழைத்துச் சாகச் சொல்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஓய்வு என்பது அவருக்கு ஒரு ஜனநாயக உரிமை. பொழுதுபோக்கு அந்த உரிமையின் ஒரு வடிவம்.

2016 ஜனவரியில் நாம் இழந்த ரோகித் வேமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பியவர். விண்மீன்களைப் பற்றி எழுத நினைத்த ஓர் இளைஞரை இந்த நாடு அவருடைய பிறப்பு அடையாளத்துக்குள் அடைத்தது. அவருக்காகத் தெருவில் இறங்கிய நாம், அவர் விரும்பிய அந்த அறிவியலைச் சேரிக்குள் கொண்டுவருவதையும் போராட்டத்தின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்? 2016 முதல் ஒன்றிய அரசின் நிதி ஆயோக், பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதைப் பெறத் தனி இடம், கணினி, இணையம் எல்லாம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருப்பவருக்கே மேலும் கொடுக்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல், விடுதிகளும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொரு விடுதியிலும் ஒரு மேசை, சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர், பேட்டரிகள், கம்பி, பாதுகாப்பு சொல்லித்தரத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்போம். இதற்கு இலட்சங்கள் தேவையில்லை. ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி தேடவும் வேண்டியதில்லை. அரசு செய்யும்வரை காத்திராமல் நம் இரவுப் பாடசாலைகளே தொடங்கலாம். உடைந்த ரேடியோவும் பழைய மின்விசிறியும் எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைப்போம். செம்புக்காகக் கம்பியை எரித்து, பலகைகளை உடைத்து, பழைய இரும்புக் கடைக்குப் போடும் வேலையில் பல பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அது குழந்தை உழைப்பு, நச்சுப் புகை. அதைக் கற்றல் என்று யாரும் பெயர் மாற்றிவிடக் கூடாது. பிரித்துப் பார்ப்பதற்கும் பிரித்து விற்பதற்கும் இடையே ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையும் இருக்கிறது.

ஆசிரியருக்கும் அப்பாவுக்கும் தோழருக்கும் என் பதில் இதுதான். அந்தச் சுருளுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது உண்மை. பிரயோஜனம் இல்லாத ஒன்றில் மூன்று மாலைகளைச் செலவழிக்கவும், எரியாதபோது ஏன் எரியவில்லை என்று யோசிக்கவும், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வியக்கவும் இத்தனை காலம் இந்த நாட்டில் சில சாதிகளுக்கு மட்டுமே உரிமை இருந்தது. அந்த உரிமையை எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் யார் பொறியாளர் ஆவார், யார் வயர்மேன் ஆவார், யார் இவை எதுவும் இல்லாமல் பாட்டுப் பாடப் போவார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.